பண்டிகைக்கு மறுநாள் போங்கள்

"தீபாவளிக்கு ஏதாவது முதியோர் இல்லத்துல போய்ச் சாப்பாடு போடலாம்னு இருக்கோம், எங்க போகலாம்?" ஐப்பசி பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் சிலராவது இப்படிக் கேட்பார்கள். "தாராளமா போங்க. ஆனா தீபாவளியன்னிக்கு வேண்டாம், மறுநாள் போங்க" என்பேன். கேட்டவர் முகம் வாடிவிடும். பண்டிகையன்று போனால்தான் புண்ணியம் என்று ஒரு நினைப்பு.

சேலம் அம்மாபேட்டையில் எனக்கு மெடிக்கல் கடை. ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய ஓர் இல்லத்துக்குப் பல வருடங்களாக மாதாமாதம் மாத்திரை மருந்து எங்கள் கடையிலிருந்துதான் போகிறது. பெட்டியை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கி வருவதாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் மனைவியும் மகளும் கூட வர, உட்கார்ந்து பேசிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. அதனால் அங்கே பண்டிகை எப்படி நடக்கிறது என்பதை விருந்தாளிகள் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன், சமையல்கட்டுப் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

தீபாவளியன்று காலை டிபன் ஒரு குடும்பம். பதினோரு மணிக்கு ஸ்வீட் பாக்ஸோடு ஒரு கம்பெனி. மதியம் ஒரு சங்கம், வடை பாயசத்தோடு. சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள், மைக் செட்டோடு. ஒரே நாளில் நாலு வகை லட்டு. யார் முகத்தையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. மறுநாள் பார்த்தால் கேட்டுப் பக்கம் ஈ காக்கை இருக்காது.

அந்த மறுநாள்தான் அங்கே கஷ்டமான நாள். பிள்ளைகள் இருக்கிற சிலரைப் பண்டிகைக்கு மட்டும் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவர்கள் புதுப் புடவையும் முறுக்கு டப்பாவுமாக மறுநாள் திரும்பி வருவார்கள். பேரன் இப்படிச் சொன்னான், மருமகள் அதிரசம் சுட்டாள் என்று பேச்சு அதுவாகவே இருக்கும். அழைத்துப் போக ஆளில்லாதவர்கள் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போய் வந்தவர்களும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் கால் அந்த வாசலை மிதிக்க வேண்டியது அன்றைக்குத்தான்.

எந்த நாள் போனாலும் நேரம் முக்கியம். மருந்துக்கடைக்காரன் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அங்கிருப்பவர்களில் பலருக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டவரும், மாத்திரை விழுங்கியவரும் குறித்த நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தாமதமானால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். ஒரு முறை மதிய விருந்து ஏற்பாடு செய்திருந்தவர்கள் இலை போட்டு எல்லாரையும் உட்கார வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. பேனரை ஒருவர் இந்தக் கம்பத்தில் கட்டச் சொல்கிறார், இன்னொருவர் அந்த ஜன்னலில் கட்டச் சொல்கிறார். இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாவுக்கு ஃபேன் காற்றுக்கு நேராக உட்கார்ந்தும் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. பக்கத்துப் பாட்டி "என்னம்மா, உனக்கு மட்டும் வெயிலா?" என்று கேட்டதைத்தான் நர்ஸ் கவனித்தார். ஓடிப் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து குடிக்க வைத்தார். சாதாரணமாகக் கை நடுங்கும், பேச்சு குழறும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். பிரஷருக்கு ஒருவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நடுக்கம்கூட வெளியே தெரியாது, வியர்வை மட்டும்தான். ஆகவே நீங்கள் சாப்பாடு கொடுப்பதாக இருந்தால் முதல் நாளே போன் செய்து அங்கே சாப்பாட்டு நேரம் என்ன என்று கேளுங்கள். பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைக்குப் பரிமாறியிருக்க வேண்டும். எம்.எல்.ஏ.வே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

என்ன கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். பல் இல்லாதவர்களுக்கு முறுக்கையும் மைசூர்பாகையும் கொடுத்துவிட்டு வருகிறோம், அவர்கள் அதைத் தலையணைக்கு அடியில் வைக்க, எறும்பு வருகிறது. எண்ணெய்ப் பலகாரம் நிறையப் போனால் ராத்திரி வயிறு கெடும். ராத்திரி டியூட்டியில் இருப்பது இரண்டே ஆயாம்மாக்கள். இருபது பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் அந்த இரண்டு பேர் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால், குழைய வடித்த சோறு, ரசம், கடைந்த கீரை, வாழைப்பழம். கேட்கச் சப்பென்று இருக்கும், சாப்பிட்டு முடித்த தட்டைப் பார்த்தால் புரியும். "சர்க்கரை சேர்க்காத ஜவ்வரிசிப் பாயசம்" என்று சிலர் பெருமையாகக் கொண்டுவருவார்கள். ஜவ்வரிசியே மரவள்ளி மாவுதானே, அதுவே சர்க்கரையை ஏற்றும். சேகோ ஃபேக்டரி ஊரில் கடை வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு உங்கள் கையால் ஊட்டிவிடவே வேண்டாம். அவர்களுக்குக் கெட்டியான கூழைவிட வெறும் தண்ணீர்தான் சட்டென்று புரை ஏறும். நர்ஸைக் கேட்டு, அவர் சொன்ன பதத்தில், நிமிர்த்தி உட்கார வைத்து, ஆயாம்மாக்களே ஊட்டட்டும்.

இதையெல்லாம் கேட்டால் எல்லாமே பத்தியச் சாப்பாடு போலத் தோன்றும். அப்படியும் இல்லை. சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வாய் கேட்பது ஒன்றே ஒன்றுதான், தட்டுவடைக்கு நடுவே துருவிய காயும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட். "பல்லு போனதிலிருந்து தின்னலை சாமி" என்று ஒரு பாட்டி சொன்னதைக் கேட்டு என் மனைவி ஒரு வேலை செய்தாள். தட்டுவடையை நொறுக்கி, பீட்ரூட்டையும் கேரட்டையும் மிக மெல்லிசாகத் துருவிப் போட்டு, பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி இரண்டையும் தாராளமாக ஊற்றி, ஊறவிட்டுக் கிண்ணத்தில் கொடுத்தாள். கடைகளில் நொறுக்கல் என்று விற்கிறார்களே, அதையே ஊறவைத்த மாதிரி. வெங்காயத்தை மட்டும் தனியாக வைத்தோம். அந்தப் பாட்டி ஸ்பூனைத் தள்ளிவிட்டு விரலால் வழித்துச் சாப்பிட்டார். காரம் போதவில்லை என்று புகாரும் சொன்னார். எத்தனையோ ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோயிருக்கிறோம், அதில் உப்புக் குறைவு, இனிப்புக் குறைவு என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தானம் கொடுத்ததில் யார் குறை சொல்வார்கள்? தனக்கென்று செய்ததில்தான் குறை சொல்லத் தோன்றும்.

நான் கவனித்தவரை, வாங்கி வாங்கியே அவர்களுக்கு அலுத்துவிடுகிறது. இன்னொரு போர்வை, இன்னொரு சோப்பு, இன்னொரு நன்றி. யாராவது தங்களிடம் ஒரு வேலை சொல்ல மாட்டார்களா, ஒரு சந்தேகம் கேட்க மாட்டார்களா என்று இருக்கிறார்கள். அதனால் நாங்கள் கட்டிய பூ வாங்குவதில்லை, உதிரிப் பூ வாங்கிப் போகிறோம். வ.உ.சி. பூ மார்க்கெட்டில் பண்டிகைக்கு முதல் நாள் மல்லி விலை கேட்டால் மயக்கம் வரும், மறுநாள் இறங்கியிருக்கும். மறுநாள் போவதில் இப்படி ஒரு லாபமும் உண்டு. மல்லியும் கனகாம்பரமும் கொஞ்சம் மரிக்கொழுந்தும், ஒரு நூல்கண்டு. ஈரத்துணியில் கொட்டி நடுவில் வைத்தால் போதும், நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாக வரும். விரலெல்லாம் வாதத்தில் வளைந்துபோன ஒரு பாட்டி, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்து முடிச்சுப் போடும் வேகத்துக்கு என் மகளால் பூ எடுத்துக் கொடுக்க முடியவில்லை. என் மனைவி கட்டியதை வாங்கிப் பார்த்து, "இதென்ன இவ்ளோ இடைவெளி? பஸ் ஏறுறதுக்குள்ள உதிர்ந்துடும், நெருக்கிக் கட்டு" என்று அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

கட்டி முடித்ததை வாசல் பிள்ளையாருக்குப் போட்டு, மீதியை ஆயாம்மாக்கள் தலையில் பாட்டிமாரே வைத்துவிடுவார்கள். பாட்டிமார் தலையில் நாமாக ஆசையோடு பூவைச் செருகக் கூடாது. கணவர் போனபிறகு வைப்பதில்லை என்றிருப்பவர்களும் உண்டு, இருந்தால் என்ன என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. தட்டில் வைத்து முன்னால் நீட்டினால் போதும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஆண்கள் பக்கம் பூ செல்லாது. அங்கே தாயக்கட்டை, செய்தித்தாள், பழைய சினிமா. ஏற்காடு சாலையில் இப்போது நுழைவு வளைவு மட்டும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ், 1935-இல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்தது, அந்தப் பெயரை எடுத்துவிட்டால் போதும். கூட்டத்தில் நிற்க ஆள் எடுத்தார்கள், நானும் நின்றேன் என்று ஒருவர் சொல்வார். நீ நின்றது எந்தப் படத்தில், முகத்தைக் காட்டு பார்ப்போம் என்று இன்னொருவர் மடக்குவார். எது நிஜம் எது கப்சா என்று விசாரிக்கப் போக வேண்டாம். தாயம் விளையாடப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். காய் வெட்டும்போது எழுபத்தெட்டு வயதுக்காரர் ஆறாவது படிக்கும் பையனோடு சண்டை போட்டதைப் பார்த்தேன். கட்டையைப் பாதி உருட்டிப் பாதி வைத்தார் என்பது பையனின் குற்றச்சாட்டு. அது உண்மையும்கூட.

எப்படிக் கூப்பிடுவது என்பதைப் போனவுடன் கேட்டுக்கொள்வது நல்லது. எல்லாரையும் தாத்தா, பாட்டி என்று நீட்டி முழக்கினால் எல்லாருக்கும் பிடிப்பதில்லை. தாலுகா ஆபீஸில் அதிகாரியாக இருந்தவர் சார் என்றால் நிமிர்ந்து உட்காருவார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த அம்மா டீச்சர்தான், கடைசி வரைக்கும் டீச்சர். "பிள்ளைங்க எத்தனை பேரு, எங்க இருக்காங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வி அவரிடம் அந்த மாதத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ. எந்த ஊர், என்ன வேலை பார்த்தீர்கள், என்ன கறி வைப்பீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் கதை வர வேண்டியிருந்தால் தானே வரும்.

காது மந்தமானவர்களிடம் கத்தினால் இன்னும் புரியாது. டிவியை அணைத்துவிட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, சாதாரணக் குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வார். ஞாபக மறதிக்காரர்களிடம் "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். ஒரு பாட்டிக்கு என் மகள் அவருடைய தங்கை. "பள்ளிக்கூடம் போகாம இங்க என்ன பண்ற?" என்று அதட்டுவார். "இன்னிக்கு லீவுக்கா" என்பாள் இவள். சரி என்று அவரும் சமாதானமாகி, பக்கத்தில் உட்கார இடம் விடுவார்.

போட்டோ விஷயம் ரொம்ப உஷார். சொந்த ஊரில் "மகன் வீட்டில் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இங்கே வந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரின் படம், கையில் ஸ்வீட் பாக்ஸோடு, யாரோ வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வழியாக ஊர்ச் சொந்தங்கள் வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு வெளியாட்கள் வந்தாலே அந்த அம்மா பாத்ரூம் பக்கம் போய்விடுவார். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கோலத்தை எடுங்கள், கட்டிய பூவை எடுங்கள்.

பொருளாக ஏதாவது கொடுத்தால்தான் மனசு ஆறும் என்பவர்களுக்கு, கடைக்காரனாக நாலு விஷயம். பெரியவர்களுக்கான டயப்பரில் அளவும் வகையும் கேட்டு வாங்குங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு டேப் ஒட்டும் வகை, நடமாடுகிறவருக்கு ஜட்டி போல ஏற்றும் வகை. மாற்றி வாங்கிவிட்டால் அலமாரியில் தூங்கும். காது மெஷின் பேட்டரியை ஸ்டிக்கர் நிறத்தை வைத்துச் சொல்வோம்: பழுப்பு என்றால் 312, ஆரஞ்சு 13, நீலம் 675, மஞ்சள் 10. மெஷின் இருந்தும் பேட்டரி தீர்ந்து மாதக்கணக்கில் கேளாமல் இருப்பவர்கள் உண்டு, ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தால் அவருக்கு அன்றைக்குத்தான் பண்டிகை. கைத்தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கும். விலை ரொம்பக் குறைவு, ஆனால் யாருக்கும் ஞாபகம் வராது. பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு, முன்னால் பட்டன் வைத்த நைட்டி, நகவெட்டி. வலி மாத்திரை மட்டும் அன்பளிப்பாக வேண்டவே வேண்டாம், கிட்னிக்கு ஆகாது. புரோட்டீன் பவுடரும் அப்படித்தான், நர்ஸைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆயாம்மாக்களுக்குப் பண்டிகை லீவு கிடையாது. புடவை எடுத்தால் அவர்களுக்கும் சேர்த்து எடுங்கள். அதைவிட, அவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட வழி செய்தால் வருடம் முழுக்கப் பேசுவார்கள். நாங்கள் போனால் பாத்திரம் கழுவும் வேலையை என் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் மறுப்பதில்லை.

நன்றாகப் பழகிய பிறகு சிலர் தனியாகக் கூப்பிட்டு விஷயம் சொல்வார்கள். வீட்டை மகன் பேருக்கு எழுதி வைத்தேன், அப்புறம் சோறு போடவில்லை என்பது போல. ஐயோ பாவம் என்று கேட்டுவிட்டு வரலாம், கோபப்பட்டு மகனுக்குப் போன் போடவும் ஆட்கள் உண்டு. இரண்டாலும் பிரயோஜனம் இல்லை. 2007-ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்து என்றால், பார்த்துக்கொள்ளாதபோது அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் அதில் வழி இருக்கிறது. 14567 என்று முதியோருக்கான இலவச உதவி எண் உண்டு, காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை. எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, போன் செய்வதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு நண்பரின் சர்ச் ஆட்களோடு மலைக்கும் போவதுண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு, வேனில் பாட்டுப் பாடும் பிள்ளைகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்து முடித்துத்தான் ஏற்காடு சேருவோம். மலைமேல் இருக்கும் இல்லங்களில் மார்கழிக் குளிருக்குக் கம்பளி சாக்ஸும் மங்கி குல்லாவும்தான் பரிசு. கேரல் பாட ராத்திரி எட்டு மணிக்குப் போனால் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டிருப்பார்கள், நாலு மணிக்கே போய்விட வேண்டும். அங்கே இருப்பவர்களில் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர்கள் சிலர். டிசம்பர் பறிப்பு சீசன் ஆயிற்றே, இந்த வருடம் விளைச்சல் எப்படி, கூலி எவ்வளவு என்றுதான் எங்களைக் கேட்பார்கள். கீழே இருந்து வரும் எங்களுக்கு என்ன தெரியும்? இப்போது ஏறும் வழியில் தோட்டத்துக்காரர் யாரையாவது விசாரித்துக்கொண்டு போகிறோம். சளி, இருமல் உள்ளவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வண்டியில் ஏற்றுவதில்லை. நமக்கு இரண்டு நாள் காய்ச்சல், அவர்களுக்கு ஆஸ்பத்திரி.

தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் சொன்னேன். ஆனால் சேலத்துக்காரனுக்குப் பண்டிகை என்றால் ஆடிதான். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். வெளியூர் சொந்தமெல்லாம் வரும். ஆனால் ஆடியில் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த மாதம் நாங்கள் கூழ் காய்ச்சி எடுத்துப் போகிறோம். ராகிக் கூழ், கொஞ்சம் மோர், கடிக்க முடிந்தவர்களுக்குச் சின்ன வெங்காயம். பல்லும் வேண்டாம், பல்லிடுக்கிலும் மாட்டாது.

சேலம் குகைப் பகுதியில் தறி ஓட்டிய ஐயா ஒருவர் அங்கே இருக்கிறார். குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையில், வாலிப வயதில் முருகன் வேஷம் கட்டி வண்டியில் ஏறியவர். சாமி வேஷத்தில் அலங்கார வண்டிகள் வரிசையாக வரும் அந்த ராத்திரிக் கூட்டத்தில் அவரை அழைத்துப் போக முடியாது, இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவர். அதனால் நான் போனில் முழுசாக வீடியோ எடுத்து, பென்டிரைவில் போட்டு, மறுநாள் காலை ஹாலில் இருக்கும் டிவியில் ஓட்டினேன். நாற்காலியை டிவிக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு வண்டி விடாமல் குற்றம் கண்டுபிடித்தார். பெயின்ட் போதாது, கிரீடம் கோணல், வேல் பிடித்தவன் கை ஆடுகிறது. "வேஷம் கட்டுனா கண்ணைச் சிமிட்டக் கூடாதுங்க தம்பி, நாங்கெல்லாம் அப்படியே நிப்போம்" என்றார். கடைசியில் எனக்கும் விழுந்தது. பக்கவாட்டில் நின்று எடுத்ததால் பாதி வண்டி மறைந்துவிட்டதாம். அடுத்த ஆடிக்கு எந்தத் தெருமுனையில், எந்தக் கடைப் படிக்கட்டில் ஏறி நின்று எடுக்க வேண்டும் என்று மாத்திரைக் கவரின் பின்பக்கம் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடை இப்போது இல்லை, செல்போன் ஷோரூம் ஆகிவிட்டது. படிக்கட்டு இருக்கிறது.